கைத்துப்பாக்கியால் கருங்கரடி வேட்டையாட எந்தக் காலிபர் சரிப்படும்?

கேள்வி இதுதான்: கேட்டவர் ரைஃபிளால் மான் வேட்டையாடிப் பழகியவர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், இரை வைத்துக் காத்திருந்து சுடும் கருங்கரடி வேட்டைக்குக் கைத்துப்பாக்கியோடு போக நினைக்கிறார். .357 மேக்னம், 10 எம்எம், .44 மேக்னம், .454 கசூல், .500 ஸ்மித் அண்ட் வெஸன் என்று ஐந்து காலிபரின் (தோட்டாவின் அளவு) பெயரைப் போட்டு எதை வாங்கலாம் என்கிறார்.

.44 மேக்னம். ரிவால்வர், ஆறு அங்குலத்துக்குக் குறையாத குழல், வேட்டைக்கென்று செய்த 240 கிரெய்ன் குண்டு (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சின்ன அளவு). அவசரக்காரர்கள் இதோடு போகலாம். நான் முதலில் வாங்கியது இது இல்லை. அந்தக் கதைக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்த உரிமம் காலாவதியான மறுநாளே அலமாரியில் இருக்கும் துப்பாக்கி வில்லங்கமாகிவிடும். வக்கீலிடம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைப்பக்கமே போனேன். அப்புறம், மெய்னை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் கருங்கரடி நிறைய உண்டு, ஆனால் அங்கே வேட்டைக்குக் கைத்துப்பாக்கியை எடுத்துப் போக முடியாது. அமெரிக்காவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியாவில் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியைக் கரடிக்குப் பயன்படுத்தக் கூடாது. அங்கே போகிறவருக்கு 10 எம்எம் தோட்டா போடும் கிளாக் மாதிரி அரைத் தானியங்கி என்ற பேச்சே இல்லை. அந்தந்த மாநிலத்தின் விதிப்புத்தகம் இலவசமாகவே கிடைக்கும். துப்பாக்கிக் கடைக்காரர் சொல்வதை விட அதை நம்புங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறேன். என் ஷிஃப்டில் இருக்கும் ஒரு பெரியவர்தான் எனக்கு வேட்டை பழக்கியவர். கரடிக்குக் கைத்துப்பாக்கி என்று முடிவு செய்ததும் அவரைக் கேட்காமலே .500 ஸ்மித் அண்ட் வெஸன் வாங்கினேன். 2003இல் வந்தபோது கடையில் கிடைக்கும் ரிவால்வர்களிலேயே பலமானது என்று பெயர் வாங்கிய சாமான். எட்டு அங்குலத்துக்கு மேல் குழல், இரண்டு கிலோ எடை, ஐந்து தோட்டா. கரடி என்றால் பெரிசு, பெரிசுக்குப் பெரிசு. என் கணக்கு அவ்வளவுதான்.

முதல் நாள் சுடுதளத்தில் முதல் குண்டு 25 கெஜத்தில் தட்டின் நடுவிலேயே விழுந்தது. இரண்டாவது தட்டுக்குக் கீழே, மூன்றாவது மண்ணில். துப்பாக்கியில்தான் கோளாறு என்று சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கித் திரும்பி நின்று நிரப்பிக் கொடுத்தார். ஐந்து அறையில் இரண்டில் நல்ல தோட்டா, மூன்றில் ஏற்கெனவே சுட்ட காலிக் கூடு. எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குறி வைத்து விசையை இழுத்தேன். டிக் என்றது, அவ்வளவுதான். வெடிக்காத துப்பாக்கியின் முனை மட்டும் பூம்பூம் மாடு தலையாட்டின மாதிரி தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. சுட்டதும் கையைப் பின்னால் தள்ளும் உதை வரப்போகிறது என்று பயந்து, வருவதற்கு முன்பே என் மணிக்கட்டு அதை அமுக்கியிருக்கிறது. சத்தத்திலும் உதையிலும் நான் பார்க்காததை அந்த ஒரு ‘டிக்’ காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் தன் பெட்டியிலிருந்து பழைய ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ஒன்றை எடுத்தார். .44 மேக்னம். அதில் போட்டது மேக்னம் தோட்டா இல்லை, .44 ஸ்பெஷல். இது புதிதாக வாங்குகிறவருக்கு மிக உபயோகமான விஷயம். .44 மேக்னம் ரிவால்வரில் குட்டையான .44 ஸ்பெஷல் தோட்டா பொருந்தும், உதை பாதிகூட இருக்காது. அதேபோல .357இல் .38 ஸ்பெஷல், .454 கசூலில் .45 கோல்ட். இதைத் தலைகீழாகச் செய்யக் கூடாது. அந்தக் கோடை முழுக்க வாரம் 50 ஸ்பெஷல், கடைசியில் 10 மேக்னம் என்று சுட்டேன். கை திருந்த மூன்று மாதமானது. .500ஐ நஷ்டத்துக்குத்தான் விற்றேன்.

இப்போது காலிபர்களைப் பார்ப்போம். .308 ரைஃபிள் குண்டு சுமார் 2,600 அடி-பவுண்டு ஆற்றலோடு கிளம்பும். 240 கிரெய்ன் .44 மேக்னம் நொடிக்கு 1,350 அடி வேகத்தில் போனால் 970தான். .357 மேக்னம் 550 வாக்கில், 200 கிரெய்ன் 10 எம்எம் 650 வாக்கில், .454 கசூல் 1,700க்கு மேல், .500 இரண்டாயிரத்து ஐந்நூறைத் தொடும். இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். ரைஃபிள் குண்டு அதன் வேகத்தாலேயே சுற்றியிருக்கும் சதையைக் கிழித்து விடும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்துக்கு அந்த வேலை பெரிதாக நடப்பதில்லை. குண்டு எந்த வழியாகப் போகிறதோ அந்த ஓட்டைதான் மிச்சம். ஆகவே ஓட்டை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், மறுபக்கம் திறந்ததா என்று பார்க்க வேண்டும்.

மறுபக்கம் திறப்பது கரடிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மான் வேட்டைக்காரருக்குச் சட்டென்று புரியாது. மானை அடித்தால் இலை மேல் ரத்தம் தெறித்திருக்கும், பின்னாலேயே போகலாம். கரடிக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் தோலுக்கடியில் கொழுப்பு ஏறியிருக்கும். சின்ன ஓட்டையை அந்தக் கொழுப்பு அடைத்துவிடும், வருகிற ரத்தத்தையும் நீளமான ரோமம் பஞ்சு மாதிரி குடித்துவிடும். பரண் மேலிருந்து சுடும்போது குண்டு மேலே நுழைகிறது. கீழ்ப்பக்கம் வெளியே வந்தால்தான் ரத்தம் தரையில் சொட்டும். மெய்ன் காட்டில் இருட்டிய பிறகு ஃபிர் மரப் புதருக்குள், சுவடில்லாத காயப்பட்ட கரடியைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கணக்கில் .357 மேக்னம் கொல்லாது என்று சொல்ல மாட்டேன். 1935இலிருந்து எத்தனையோ கரடியை அது எடுத்திருக்கிறது. ஆனால் கரடி கொஞ்சம் திரும்பி நின்றாலும், தோள் எலும்பு குறுக்கே வந்தாலும் அதில் மிச்சம் மீதி இல்லை. 10 எம்எம் அதைவிட ஒரு படி மேல். காட்டில் முகாம் போடும்போது இடுப்பில் வைத்திருக்க அதுதான் சௌகரியம். வேட்டைக்கு என்றால் நான் இரண்டாம் இடம் கொடுப்பேன். .454 கசூல் அருமையான தோட்டா. அலாஸ்காவில் பழுப்புக் கரடி இருக்கும் இடத்துக்குப் போகிறவர் வாங்கட்டும். இரைக்கு வரும் கருங்கரடிகளில் பெரும்பாலானவை 300 பவுண்டுக்குள்தான், அதற்கு அது தேவைக்கு மேல். .44 மேக்னத்தை ஐடாஹோவில் பண்ணை வைத்திருந்த துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வருடக்கணக்காகக் கம்பெனிகளை நச்சரித்துச் செய்ய வைத்தார். ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கியையும் ரெமிங்டன் தோட்டாவையும் 1955-56 வாக்கில் கொண்டுவந்தார்கள். அவர் நச்சரித்ததே வேட்டைக்காகத்தான். பெயர்தான் .44, குண்டின் விட்டம் உண்மையில் .429 அங்குலம். மெஷின் ஷாப்பில் இருக்கிறவனுக்கு இப்படிப் பெயர் வைப்பது உறுத்தும், வேறு வழியில்லை.

காலிபரை விடக் குண்டின் வகையில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். கடையில் .44 மேக்னம் என்று கேட்டால் 180 கிரெய்ன் குழிமுனைக் குண்டைக் கொடுத்துவிடுவார்கள். அது உள்ளே போனதும் சீக்கிரம் விரிந்து பாதியில் நின்றுவிடும். 240 கிரெய்னில் தட்டையான மென்முனைக் குண்டு வாங்குங்கள். 280, 300 கிரெய்னில் கடினமாக வார்த்த ஈயக் குண்டும் கிடைக்கும். அது நேராகத் துளைத்துக்கொண்டு போகும், உதையும் கூடும். எதை வாங்கினாலும் அதிலேயே ஸ்கோப்பையோ (குறிபார்க்கும் தொலைநோக்கி) ரெட் டாட்டையோ (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) சரிபார்த்து, அதையே வேட்டைக்குக் கொண்டுபோங்கள். 180க்கு வைத்த குறி 300க்கு வேறிடத்தில் விழும்.

உங்கள் தூரம் எது என்பதை ஒன்பது அங்குலப் பேப்பர் தட்டு சொல்லும். உட்கார்ந்தபடி, ஒரு முட்டு கொடுத்து, ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் எவ்வளவோ அவ்வளவுதான். எனக்கு 40 கெஜம். மெய்னில் இரைக்கும் பரணுக்கும் இடையே பெரும்பாலும் 20 கெஜம்கூட இருக்காது. கைத்துப்பாக்கிக்காரனுக்கு இதைவிடத் தோதான வேட்டை இல்லை.

நான் உட்கார்ந்த பரணுக்கு எதிரே நீல டிரம் ஒன்றை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார் கைடு. உள்ளே பழைய டோனட்டும் பாப்கார்னும். எங்கள் ஊரில் கடலைக்காட்டுக்குப் பன்றிக் காவல் இருக்கத் தாத்தா கட்டிய பரண்தான் ஞாபகம் வந்தது. அவர் கையில் தகர டின் இருந்தது, நம் வேலை சத்தமே போடாமல் இருப்பது. டிரம் ஒரு நல்ல அளவுகோல். 55 கேலன் டிரம் கிட்டத்தட்ட 35 அங்குல உயரம். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு டிரம்மின் பாதிக்குத்தான் வருகிறது என்றால் குட்டி வயசு, விட்டுவிடுங்கள்.

ஆறே முக்காலுக்கு வந்தது. வந்த சத்தமே இல்லை. காலியாக இருந்த இடத்தில் திடீரென்று ஒரு கருப்பு. முதுகு டிரம்மின் முக்கால் உயரத்துக்கு இருந்தது. பின்னால் குட்டி வருகிறதா என்று ஐந்து நிமிஷம் பார்த்தேன், வரவில்லை. கரடி என்னைப் பார்த்து நேராக நிற்கும்போது சுடக் கூடாது, பக்கவாட்டில் திரும்பி, இந்தப் பக்கத்து முன்னங்கால் முன்னே போகும்வரை பொறுக்க வேண்டும். ரோமத்தால் உடம்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால் கண்ணுக்குத் தெரியும் கோட்டை வைத்துக் குறி பார்த்தால் தப்பும். தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடு உயரத்தை ஒட்டி வைத்தேன். சுட்டது நினைவில் இருக்கிறது, உதை நினைவில் இல்லை. முப்பது கெஜம் ஓடி விழுந்தது. நுழைந்த பக்கம் ரோமத்தில் ஈரம் மட்டும்தான். சுவடு முழுக்கக் கீழ்ப்பக்கத்து ஓட்டையிலிருந்து விழுந்தது.

இரண்டு தப்பும் பண்ணினேன். பரணின் கைப்பிடிக் கம்பியில் சுற்றியிருந்த துணி மேல் ரிவால்வரை அப்படியே சாய்த்துச் சுட்டதில் துணி கருகிப் போயிற்று. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து பக்கவாட்டில் நெருப்பு சீறும். அந்த இடத்தில் துணி இருந்ததால் துணியோடு போனது, .500 மாதிரிப் பெரிய ரிவால்வரில் கட்டைவிரல் இருந்தால் விரலுக்கே ஆபத்து. இன்னொன்று, கரடி வரும் சத்தம் கேட்க வேண்டும் என்று காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தேன். .44இன் சத்தம் 160 டெசிபெலைத் தாண்டும். அந்தக் காதில் மூன்று நாள் சில்வண்டு கத்திற்று. மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்து வெடிச்சத்தத்தை மட்டும் அடைக்கும் மின்னணுக் காதுக்கவசம் இருக்கிறது. ரெட் டாட் வாங்கக் காசு போதவில்லை என்றாலும் இதை வாங்குங்கள்.

கரடியைப் பதிவு நிலையத்தில் காட்டி முத்திரைச் சீட்டு வாங்க வேண்டும். வயது கணக்கிட ஒரு பல்லையும் கொடுக்க வேண்டும். கறியைப் பற்றி ஒன்று. வீட்டம்மா அடுப்படிக்குள் விட மறுத்துவிட்டார், கொல்லையில் கேஸ் அடுப்பு வைத்து மிளகு வறுவல் போட்டேன். மாட்டுக்கறிக்கும் பன்றிக்கும் நடுவில் ஒரு ருசி. ஆனால் கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம். ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், காட்டு விலங்கில் இருக்கும் சில வகை குளிரைத் தாங்கும். உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். கண்ணால் பார்த்தோ மசாலா வாசனையை வைத்தோ சொல்ல முடியாது, தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள்.