பெரிய மனிதர்களைத் தேடி லண்டனுக்கு

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். மகன் அழைத்திருப்பதால் வரும் மே மாதம் முழுவதும் லண்டனில் இருப்பேன். மனத்துக்கு ஊக்கம் தரும் மனிதர் என்று சொல்ல இந்த மலையில் யாரும் இல்லை. அங்கேயாவது அப்படிப்பட்ட பெரிய மனிதர்களைச் சந்திக்க வழி உண்டா?

பதில்: லண்டனுக்குப் பிறகு வருகிறேன். 'இந்த மலையில் யாரும் இல்லை' என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த மரே எமனோ என்ற சமஸ்கிருத அறிஞர் 1935இல் இந்தியாவுக்கு வந்து 1938 வரை தங்கினார். அவருடைய உழைப்பின் பெரும்பகுதி நீலகிரியில், தோடர், கோத்தர், படகர் மொழிகளில் கழிந்தது. 1937இல் டேவிட் மாண்டல்பாம் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் கோத்தர்களிடம் வந்து சேர்ந்தார். இருவருக்கும் இது கடல் கடந்த அயல்நாடு. இருவருக்கும் இங்கே கிடைத்த ஆசான் ஒருவரே: சுல்லி என்ற கோத்தர்.

கோத்த ஆண்கள் நீண்ட கூந்தலை முடிந்துகொள்வதே மரபாக இருந்த காலத்தில், தன் முடியைக் கத்தரித்துக்கொண்டு ஊரின் கோபத்தைத் தாங்கி நின்றவர் சுல்லி. பள்ளிப் படிப்பும் ஆங்கிலமும் பெற்று, தம் மக்கள் மாற வேண்டும் என்று அவர்களோடு வாதாடிக்கொண்டே அவர்களுடைய பழங்கதைகளையும் நெஞ்சில் வைத்திருந்தவர். எழுத்து வடிவமே இல்லாத கோத்த மொழியில் அவர் சொல்லச் சொல்ல எமனோ ஒலி பிசகாமல் எழுதிக்கொண்ட கதைகள் 1944 முதல் 1946 வரை கலிபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாகப் பல பகுதிகளில் வந்தன. மாண்டல்பாம் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்தும் மறக்காமல், சுல்லியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். எமனோவும் தாமஸ் பர்ரோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டிப் பாருங்கள். பல பதிவுகளில் தமிழ், மலையாளச் சொற்களை அடுத்துக் கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் நிற்கும். கன்னடம் அவற்றுக்குப் பிறகுதான் வரும். உலகம் மதிக்கும் அந்த நூலுக்குள் நம் மலையின் பேச்சு அவ்வளவு உறுதியாக இடம் பிடித்ததற்கு, சுல்லியைப் போன்றவர்கள் பொறுமையோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் ஒரு காரணம்.

கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில், ஆங்கிலேயர் காலத்தில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனின் வீட்டைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறோம். அது நல்ல காரியம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சல்லிவனை அறிந்த நம் பிள்ளைகளுக்குச் சுல்லியைத் தெரியவில்லை. அவர் பெயரைத் தாங்கிய ஒரு பலகையைக்கூட நான் எங்கும் கண்டதில்லை. கோத்தரையும் தோடரையும் புகைப்படம் எடுப்பதற்கான காட்சியாகக் காட்டாதீர்கள் என்று இதே பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதி, சுற்றுலாத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிலரின் மனத்தாங்கலுக்கு ஆளாகியிருக்கிறேன். மனத்தாங்கல் இருந்தால் இருக்கட்டும். இனியும் எழுதுவேன்.

எமனோவுக்கும் மாண்டல்பாமுக்கும் சுல்லி கிடைத்தது, அவர்கள் பெரிய மனிதரைத் தேடி வந்ததால் அல்ல. கையில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்கு விடை தெரிந்தவர் வேண்டியிருந்தது, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க நேரமும் இருந்தது. நம்மவரில் ஏ. கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு ஆவணப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது வயது இருபத்தாறுக்குள். அதன் பிறகு அவர் தட்டிய கதவுகளெல்லாம் அந்தப் படத்துக்காகத் தட்டியவை. 'உங்களிடம் காந்தியைப் படம் பிடித்த சுருள் இருக்கிறதா?' என்ற தெளிவான கேள்வியோடு வந்து நிற்கும் இளைஞனுக்கு யாரும் உட்கார இடம் கொடுப்பார்கள். நாடு நாடாகத் திரிந்து ஐம்பதாயிரம் அடிப் படச்சுருள் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார்.

உங்களிடமும் ஒரு வேலை இருக்கிறது. 1946இல் தென்னிந்தியாவுக்கு வந்த கொப்புள நோய் இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உங்கள் கொழுந்தைத் தின்கிறது. இளம் இலையில் எண்ணெய் பட்டது போன்ற புள்ளி விழுவதும், சில நாளில் அடிப்பக்கம் வெள்ளையாக உப்புவதும், தாமிர மருந்து அடித்த மறுநாளே மழை பெய்து கழுவிவிடுவதும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியவை அல்ல. தேயிலையின் நெருங்கிய உறவான கமீலியாப் பூச்செடியை இங்கிலாந்துத் தோட்டங்களில் எங்கும் வளர்க்கிறார்கள். அதன் இலையை வீங்க வைக்கும் பூஞ்சை, நம் கொப்புள நோய்ப் பூஞ்சையின் அதே எக்ஸோபாசிடியம் பேரினத்தைச் சேர்ந்தது. வீங்கிய இலை வெளுத்து வித்துகளைப் பரப்புவதற்குள் அதைக் கையால் கிள்ளி அழிப்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் வழக்கம். நீங்கள் போகும் மே மாதத்தில் அந்த வீக்கத்தைச் செடியிலேயே பார்க்க வாய்ப்பு உண்டு.

ஆகவே தேயிலை வணிகத்தின் பழைய புகழை நம்பி மின்சிங் லேன் தெருவுக்குப் போய் நிற்க வேண்டாம். 1679இல் தொடங்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998இலேயே முடிந்துவிட்டது. கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1848இல் ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த மக்ஐவர் அங்கே பயிற்சி பெற்றவர்தான். நோயுற்ற கொழுந்துகளைப் பல கட்டங்களில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலையையே பையில் போட்டு எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்தில் அனுமதிக்க மாட்டார்கள். மண் ஒட்டிய கையோடு வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம், மகனை மொழிபெயர்க்கச் சொல்லி, படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஒரே நாளில் பத்து இடம் பார்க்கும் திட்டத்தை மகன் போட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். அந்த ஒருவரிடம் மறுமுறையும் போக நாள் வேண்டும்.

திரும்பி வந்ததும் அவர் சொன்னதை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே, கொழுந்தின் படங்களோடு, ஒரு முழுப் பக்கம் தருகிறேன்.