சிஸ்டோஸ்கோப் இல்லாத தியேட்டரில் சிறுநீர்ப்பையைப் பார்ப்பது எப்படி?

தாலுகா மருத்துவமனை டாக்டர் ஒருவரின் கேள்வி: மூன்றாவது சிசேரியன், ப்ளாடர் (சிறுநீர்ப்பை) கர்ப்பப்பையோடு இறுக ஒட்டியிருந்தது, பிரிக்கும்போது கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம், சிஸ்டோஸ்கோப் (ப்ளாடருக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) கிடையாது. என்ன செய்யலாம்?

முதலில் ஃபோலி கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) வழியாக, மெத்திலின் நீலச் சாயம் கொஞ்சம் கலந்த சலைனை 200–300 மில்லி மெதுவாக ஏற்றுங்கள். ப்ளாடருக்குப் பின்னால் வெள்ளைத் துணி ஒன்றை வைத்துவிட்டால் சின்னக் கசிவுகூடத் தெரிந்துவிடும். ஒரே தொல்லை, ஒருமுறை கசிந்தால் சுற்றியிருக்கும் திசுவெல்லாம் நீலமாகிவிடும். தைத்துவிட்டு மறுபடி சோதிக்கும்போது பழைய நீலமா புது நீலமா என்று புரியாது. அதனால்தான் கிருமியில்லாத குழந்தைப் பால் ஏற்றும் பழக்கம் உண்டு. அது கறை பிடிக்காது, துடைத்தால் போய்விடும்.

சரி, எதுவும் கசியவில்லை. நிம்மதியாகிவிடாதீர்கள். ப்ளாடரில் ஓட்டை இல்லை என்றுதான் அர்த்தம், யூரேட்டர் (சிறுநீரகத்திலிருந்து ப்ளாடருக்கு வரும் குழாய்) தையலில் சிக்கிக் கட்டப்பட்டிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே கிழிந்திருந்தால் அவசரப்பட்டுத் தைக்காமல், அந்த ஓட்டை வழியாகவே டிரைகோனையும் (ப்ளாடரின் அடிப்பக்க முக்கோணப் பகுதி) இரண்டு யூரேட்டர் வாய்களையும் பார்த்துவிடுங்கள்.

ஓட்டை இல்லாமல் யூரேட்டர் மேல் சந்தேகமா? தியேட்டரில் லேப்ராஸ்கோப்போ (வயிற்றுக்குள் பார்க்கும் கருவி) ஹிஸ்டரோஸ்கோப்போ (கர்ப்பப்பைக்குள் பார்க்கும் கருவி) இருந்தால் அதுவே போதும், 30 டிகிரி சாய்ந்து பார்க்கும் லென்ஸ் என்றால் நல்லது. லேப்ராஸ்கோப்பில் தண்ணீர் போக வழி இல்லை என்பதால், ஃபோலியில் ப்ளாடரை நிரப்பிவிட்டு, அதை எடுத்ததும் மூத்திரத்துவாரம் வழியாக ஸ்கோப்பை விடவேண்டும்; முன்னதாகக் கால்களைத் தவளை மாதிரி விரித்து வைக்கச் சொல்லிவிடுங்கள். உள்ளே மிதக்கும் காற்றுக்குமிழிதான் உங்கள் திசைகாட்டி, அது இருக்குமிடம் மேல்பக்கம். சலைனுக்குப் பதில் 10% டெக்ஸ்ட்ரோஸ் நிரப்பினால், அடர்த்தி வேறு என்பதால் யூரேட்டரிலிருந்து சிறுநீர் பீய்ச்சுவது சுழல் மாதிரி தெரியும். சிறுநீர் நீலமாக வரட்டும் என்று சாயத்தை ரத்தக்குழாயில் போடும் யோசனையை இங்கே விட்டுவிடலாம்: ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு, மனச்சோர்வு மாத்திரை, தாய்ப்பால் என்று மெத்திலின் நீலத்துக்கு ஆயிரம் நிபந்தனை.

ஸ்கோப்பே இல்லையா? ப்ளாடரின் உச்சியில் 2–3 செ.மீ. திறந்து நேராகப் பாருங்கள். பலர் பயப்படுவார்கள், ஆனால் உச்சி நன்றாக ஆறும் இடம். விக்ரிலில் (தானே கரையும் தையல் நூல்) இரண்டு அடுக்காகத் தைத்து (பட்டு நூல் கூடாது, கல் சேரும்), மறுபடி நிரப்பிப் பார்த்துவிட்டு, 7–14 நாள் கதீட்டர். காயம் டிரைகோனுக்குப் பக்கத்தில் என்றால் ஊசியை எடுக்கும் முன்பே யூராலஜிஸ்ட்டுக்குப் போன் போடுங்கள்.

அப்புறம், இரண்டு பக்கமும் பீய்ச்சினாலும் பகுதி அடைப்போ சூட்டுக்காயமோ இல்லை என்று ஆகிவிடாது. விலாவலி, காய்ச்சல் வந்தால் அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தயங்காதீர்கள்.