இடது மூலையை வெட்டாதே

அன்புள்ள அக்கா,

நீடாமங்கலம் பக்கம் எங்க ஊரு. வேலை திருச்சியில. சனி ஞாயிறு ஊருக்கு வந்தா கேமராவை தூக்கிக்கிட்டு கிளம்பிடுவேன். இந்தக் கார்த்திகையில மூணாறு தலைப்புலேருந்து கோரையாத்து கரையோட போயி ஒரு சம்பா வயலை எடுத்தேன், மழை விட்ட காலை நேரம். இயற்கை படம் எடுக்கிறவங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன். வானம் டல்லா இருக்கு, பச்சை செத்துக் கிடக்கு சாச்சுரேஷனை ஏத்து, இடது மூலையில மஞ்சளா அசிங்கமா இருக்கு கிராப் பண்ணு, ஹொரைசன் சாஞ்சிருக்கு, ஃபோர்கிரவுண்ட்ல ஒண்ணுமே இல்லன்னு ஆளாளுக்கு பிரிச்சு மேஞ்சுட்டாங்க. நடுவுல போற கோடு மட்டும் கண்ணை படத்துக்குள்ள இழுத்துட்டுப் போற நல்ல லீடிங் லைன்னு பாராட்டினாங்க. படத்தை மாத்துறது தப்பில்லையான்னு கேட்டதுக்கு ஒருத்தர், இயற்கைப் படத்துக்குப் பேர் போன அமெரிக்கக்காரர் ஆன்சல் ஆடம்ஸே டார்க்ரூம்ல மாத்தினவர்தான்னு சொன்னார். அவங்க சொன்னபடியே திருத்தி, வானத்தையும் மாத்தி மறுபடி போட்டேன், ஹார்ட்டா குவிஞ்சிடுச்சு. ஆனா மனசு ஒப்பல. விமர்சனத்தை எப்படி எடுத்துக்கறது? இனிமே படத்தை பகிரலாமா வேணாமா? லென்ஸ் மாத்தணுமா? ரெண்டு படத்தையும் அனுப்பியிருக்கேன். பேர் போட வேணாம்.

---

தம்பி,

வயசுல சின்னவன்னு தெரியுது, நீன்னே எழுதுறேன். கொஞ்ச நாளாவே டெல்டா படங்களைப் பார்த்து நான் உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருக்கேன், யாராவது கேட்டா சொல்லணும்னு இருந்தேன், நீ வந்து மாட்டிக்கிட்ட.

சின்ன விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். ஹொரைசன் சாஞ்சிருக்குன்னு சொன்னது சரி, திருத்திக்கோ. நம்ம ஊரு மேஜை மாதிரி தட்டையான ஊரு, இங்க துளி சாஞ்சாலும் வயல்ல நிக்கிற தண்ணி வழிஞ்சு ஓடப் போறது போல இருக்கும். ஃபோர்கிரவுண்ட் இல்லங்கிறதை விடு. பாறையும் அருவியும் வெச்சு படம் கத்துக்கிட்டவங்க அதையே தேடுவாங்க, அதுக்கு நீ வால்பாறை போகணும். வரப்பு இருக்கு, பயிர் இருக்கு, தூரத்துல நாலு பனை இருக்கு, அது போதும்.

இப்ப பச்சைக்கு வர்றேன்.

உன் முதல் படத்தை பெருசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்தேன்டா. அவ்வளவு நல்லா இருக்கு. மேகம் மூடின காலை வெளிச்சம், அதனால நிழல் விழல, பளபளப்பு இல்ல, இலையோட நிறம் இலையோட நிறமாவே வந்திருக்கு. தூர் கட்டி முடிச்சு தொண்டைக்கதிருக்குப் போற பயிர், அந்தப் பருவத்துக்கு எப்படி இருக்கணுமோ அப்படி, அடங்கின பச்சை. இதைப் போயி செத்துக் கிடக்குன்னு சொன்னவங்க என்னைக்காவது வரப்புல இறங்கியிருக்காங்களா? நாத்தங்கால் பச்சை வேற, நட்டு ஒரு வாரத்துல வேர் பிடிக்கிறதுக்கு முன்னாடி வெளிறி நிக்கிற நிறம் வேற, தூர் வெடிக்கிறப்ப கருக்கிற பச்சை வேற, பால் பிடிக்கிறப்ப மஞ்சள் ஓடுறது வேற. இத்தனையையும் ஒரே ஸ்லைடரை இழுத்து ஒரே பச்சையாக்கிட்டு இதுதான் இயற்கைன்னு சொல்றாங்க. எனக்கு ஆத்திரமா வருது.

எங்க பெரியப்பா கோட்டூர் பக்கம் பயிர் வெச்சவர். ஒரு தடவை உரக்கடையிலேருந்து காலண்டர் வந்துச்சு, பக்கம் பூரா நெல்லு வயலு, கண்ணைப் பறிக்கிற பச்சை. நாங்க பிள்ளைங்க எல்லாம் அதை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்னு அடம். பெரியப்பா வாங்கிப் பார்த்தார், கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு பக்கத்துல வெச்சு பார்த்தார். “இவன் யூரியாவைக் கொட்டியிருக்கான். இந்தப் பச்சைக்கு புகையான் பூச்சி தேடிக்கிட்டு வரும். இதைப் போயி காலண்டர்ல போட்டிருக்கானுவ”ன்னார். எங்களுக்கு அழகா தெரிஞ்சது அவருக்கு நோயாத் தெரிஞ்சது. பிரிண்ட்காரன் மையை ஏத்தினானா, நெஜமாவே உரம் கூடிப்போச்சா, அது இப்ப யாருக்கும் தெரியாது. படம் பார்க்கிறதுன்னா என்னன்னு எனக்கு முதல்ல காட்டினது அந்த மனுஷன்தான்.

அவர் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. தழைச்சத்து கூடினா இலை கருகருன்னு பச்சையாகி, தண்டு இளசா, பயிர் அடர்த்தியா போயிடும், அந்த அடர்த்திக்குள்ள தண்ணி மட்டத்துக்கு கிட்ட தூருல புகையான் வந்து உட்கார்ந்து சாறு உறிஞ்சும், மேலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஒருநாள் வட்டம் வட்டமா புகைஞ்சு போனது மாதிரி காஞ்சு நிக்கும். ட்ரோன்ல எடுத்த இப்படி ஒரு படம் சுத்திச்சு, பச்சைக்கு நடுவுல பொன்னிற வட்டங்கள், என்ன பேட்டர்ன் என்ன பேட்டர்ன்னு அவ்வளவு பேர் மெச்சியிருந்தாங்க, கீழ ஒரே ஒருத்தர் மட்டும் “தம்பி இது புகையான், யார் வயலு, மருந்து அடிச்சாங்களா”ன்னு கேட்டிருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லல. நான் பார்த்த விமர்சனத்துலயே உருப்படியானது அதுதான்.

உன் படத்துல லீடிங் லைன்னு பாராட்டினாங்களே, அதுவும் புகையான் வராம இருக்க விட்ட பட்டம்டா. எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நடுவாங்க, காத்தும் வெளிச்சமும் தூருக்குப் போறதுக்கு. அந்த வயக்காரர் கவனமான ஆளு. அந்த ஒரு கோட்டுல அவரோட குணமே இருக்கு, அது உன் கண்ணுல படலையேன்னுதான் எனக்கு வருத்தம்.

வேளாண்மைத் துறையில இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு உண்டு, பார்த்திருக்கியா? வெளிர்ப்பச்சையிலேருந்து கரும்பச்சை வரைக்கும் எண் போட்டு பட்டை பட்டையா இருக்கும். நட்டு 14 நாளிலேருந்து வாராவாரம், காலையில 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவுல, முழுசா விரிஞ்ச இளம் இலையா பார்த்து, பறிக்காம, அட்டை மேல வெச்சு ஒப்பிடணும். பத்து இலை பார்க்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்த பெரும்பாலான ரகத்துக்கு 4, பத்துக்கு ஆறு இலை அதுக்குக் கீழ இருந்தா மட்டும் மேலுரம் போடு, இல்லன்னா யூரியா மூட்டையைத் தொடாதேன்னு அர்த்தம். இதுல ஒண்ணு கவனி, பார்க்கிற ஆளு சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு, தன் நிழல் இலை மேல விழற மாதிரி குனிஞ்சுக்கணும். வெயில் பட்டா நிறம் ஏமாத்திடும். அந்தக் குனிஞ்ச முதுகைப் பாரு, நிறத்தை எவ்வளவு மரியாதையா பார்க்கிறாங்கன்னு தெரியும். அவங்க அவ்வளவு கவனமா படிக்கிற நிறத்தை நீ ஹார்ட்டுக்காக நாப்பது பாயின்ட் ஏத்தி வெச்சிருக்க.

ரெண்டாவது படத்துல நீ என்ன பண்ணியிருக்கன்னு எனக்குத் தெரியும். படம் திருத்துற லைட்ரூம் ஆப்ல நெல்லோட பச்சையில பெரும்பங்கு மஞ்சள் ஸ்லைடர்லதான் இருக்கும், அந்த மஞ்சளோட ஹியூவை, அதாவது நிறச் சாயலை, பச்சைப் பக்கம் தள்ளியிருக்க. தள்ளின உடனே இலை நுனி மஞ்சளும் போச்சு, இளம் இலைக்கும் முத்தின இலைக்கும் இருந்த வித்தியாசமும் போச்சு, எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பாய். சில போன் கேமராவெல்லாம் செடி கொடின்னு கண்டுக்கிட்ட உடனே தானே பச்சையை ஏத்திடுது, அதைப் பார்த்துப் பார்த்து கண்ணு பழகிப்போனவங்கதான் உன் படத்தை டல்லுங்கிறாங்க. வானத்தை மாத்தினது அதைவிட மோசம். 2020ல ஃபோட்டோஷாப்ல அந்த வசதி வந்ததுலேருந்து கார்த்திகை மாசத்து வயலு மேல சித்திரை சாயங்காலம் மிதக்குது. வடகிழக்கு பருவமழை மேகத்தை எடுத்துட்டு சம்பா பயிரைக் காட்டினா அதுக்கு ஏது தண்ணி, ஏது உசிரு?

ஆடம்ஸ் பேரை இழுத்தவருக்கும் சொல்லிடறேன். ஆமா, மாத்தினார். நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ் ஊருல நிலா எழும்பறப்ப எடுத்த அந்தப் படத்தை பல வருஷம் திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டார், போகப் போக வானம் கருத்துக்கிட்டே வந்துச்சு. அது கறுப்பு வெள்ளைப் படம், அந்த வானத்தோட கருப்பை வெச்சு அந்த ஊருல யாரும் உரம் போடப் போறதில்ல. அவர் மேல எனக்கு ஒரு குறை உண்டு, தேதி எழுதி வைக்க மாட்டார். அந்தப் படத்துக்கே வருஷத்தை மாத்தி மாத்திச் சொன்னார், கடைசியில வானியல் தெரிஞ்சவங்க நிலா நின்ன இடத்தை வெச்சு கணக்குப் போட்டு 1941 நவம்பர் 1ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. நீயும் தேதி போடல. டெல்டாவுல தேதி இல்லாத படம் பாதிப் படம்டா. மேட்டூர் அணையை 2022ல மே 24லயே திறந்தாங்க, 2024ல வழக்கமா திறக்கிற ஜூன் 12 வந்தும் திறக்கல, ஜூலை கடைசிலதான் தண்ணி. ரெண்டு வருஷமும் ஆடியில நீ ஒரே வரப்புல நின்னு எடுத்தாலும் அது ஒரே வயலா? வேதாரண்யத்துல ஒரு தென்னந்தோப்பை எடுத்தா அது கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர் 16க்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியாம நான் என்னத்தைப் பார்க்கிறது?

இப்ப அந்த இடது மூலை. அதை வெட்டச் சொன்னாங்க, நீயும் வெட்டிட்ட. அதுதான்டா படமே. பெருசு பண்ணிப் பாரு, வரப்பு ஓரத்துல தாழ்வா இருக்கிற இடம், தண்ணி பயிரோட இடுப்பு வரைக்கும் நிக்குது, அடி இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகி கிடக்கு, அதுக்குள்ள ஒரு மடையான் கொக்கு நிக்குது. அங்கேருந்து தண்ணி போக வழியில்ல. பக்கத்துல வடிகால் வாய்க்கா இருக்கணும், இருக்கு, ஆனா முழுக்க ஆகாயத்தாமரை, படத்தோட விளிம்புல அந்த ஊதாப்பூ ரெண்டு தெரியுது. பட்டம் விட்டு, அளவா உரம் போட்டு, இவ்வளவு ஒழுங்கா பயிர் பண்ற மனுஷனோட வயல்ல ஒரு மூலை மட்டும் மூச்சு முட்டுது, காரணம் அவர் கையில இல்ல, பொது வாய்க்கா தூந்து கிடக்கு. இதை நீ தெரிஞ்சு எடுத்தியா தெரியாம எடுத்தியான்னு எனக்குக் கவலையில்ல. உன் கண்ணு அங்க போயிருக்கு. அது எல்லாருக்கும் வராது. மனசு ஒப்பலன்னு எழுதினியே, அந்த மனசு சரியாத்தான் இருக்கு, நீதான் அதைக் கேக்கல.

பகிரலாமா வேணாமான்னு கேட்டே. பகிரு. ஆனா குரூப்ல போடுறதுக்கு முன்னாடி அந்த வயக்காரர்கிட்ட காட்டு. அவர் வயலைக் கேக்காம எடுத்துட்டு வந்து ஊருக்கெல்லாம் காட்டி மார்க் கேட்டிருக்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல, இதுக்குத்தான் உன்னை நெஜமாவே திட்டணும். போனை நீட்டினா எந்த இடம்னு அவர் விரலை வெச்சே காட்டுவார்.

லென்ஸ் எல்லாம் மாத்த வேணாம், கையில இருக்கிறதே போதும். அந்தக் காசுல முதல் படத்தை, வெட்டாம, பச்சையை ஏத்தாம, பன்னெண்டுக்குப் பதினெட்டு இன்ச்சுல பிரிண்ட் போடு, பின்னாடி ஊர் பேரு, தேதி, ரகம் மூணும் எழுது. ரகம் அவர்கிட்ட கேட்டாத்தான் தெரியும். ரெண்டு காப்பியா போடு, ஒண்ணு அவருக்கு, அவர் சம்மதிச்சா இன்னொண்ணை அந்த வாய்க்கா யார் பொறுப்போ அந்த ஆபீசுக்கு மனுவோட சேர்த்துக் குடு. தை அறுப்புக்கு முன்னாடி போ, அதுக்கப்புறம் அந்த மூலையில காட்டறதுக்கு அறுத்த தாளுதான் இருக்கும்.

அன்போட,
அக்கா