மகளின் ஈறுக் கட்டி அறிக்கையில் 'கலப்பெருக்கம்' (கலங்கள், அதாவது உயிரணுக்கள், பெருகுதல்) என்று இருக்கிறது. இது புற்றுநோயா?

'நார்க்கலங்கள் பெருகியுள்ளன, கேஐ 67 குறைவு' என்று அறிக்கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதற்பாதியை வாசித்ததுமே உங்களுக்கு ஈரற்குலை நடுங்கியிருக்கும். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது.

தங்கை அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மேல் முன்பற்களுக்கிடையே பயறளவில் தொடங்கிய கட்டி, பல்லையே விலக்கும் அளவுக்கு வளர்ந்தது. பாண் கடித்தாலே இரத்தம் கசியும். ரியூசனில் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டுதான் கதைப்பாள். வெட்டி அனுப்பிய துண்டுக்கு அறிக்கை வந்தபோது, அயலில் ஒரு மாமி 'புற்றாம்' என்று ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டார். நல்லூர்த் தேரன்று, வீதியில் வைத்தே, இனி இவளுக்குக் கலியாணம் எப்படி என்று அம்மாவிடம் கேட்டார். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையாக விளக்கினார். காயம் ஆறும்போதும் கலங்கள் பெருகத்தான் செய்கின்றன. பற்காறை, அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கு, ஈறை ஓயாமல் உறுத்தினால் அவ்விடத்தில் நாரிழையம் திரளும். சிலருக்கு அதற்குள் எலும்புத் துணிக்கைகளும் உருவாகும். தங்கையுடையது அந்த வகை. கேஐ 67 என்பது பிரிந்துகொண்டிருக்கும் கலங்களில் தென்படும் புரதம். 1983 இல் ஜேர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் அதை அறிவித்தார்கள். ஓய்ந்திருக்கும் கலத்தில் அது இருக்காது. ஆகவே 'குறைவு' என்பது உங்களுக்கு ஆறுதலான சொல்.

நான் வைத்தியர் அல்ல. தாடை எலும்புக்குள் தோன்றும் நார்க்கட்டிகள் வேறு, அவற்றில் சில இளம் வயதில் வேகமாக வளரும் என்பதும் தெரியும். தெரிந்தவர்கள் திருத்தலாம், பயமுறுத்த மட்டும் வரவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இலங்கையில் 1987 இலேயே தமிழும் அரசகரும மொழியானது. இருந்தும் எங்கள் கையில் தந்த தாளில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. இருந்திருந்தால் அம்மா அயலவரிடம் வாசிக்கக் கொடுத்திருக்கமாட்டார்.

தங்கைக்கு வந்த இந்த வகை ஈறுக் கட்டி மீண்டும் வரக்கூடியது. எலும்பை மூடிய சவ்வு வரை எடுத்தார்களா, பல்லிடுக்கைச் சுரண்டினார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். தங்கையின் பல்வேரிலிருந்து கருமஞ்சளாக, சுண்ணாம்புக்கல் போல இறுகிய காறை உதிர்ந்தது. கட்டி போய்விட்டதே என்று மகளின் பற்துப்புரவை நிறுத்திவிடாதீர்கள்.