பிரஷர் மாத்திரை போட்டதும் கிரியாட்டினின் ஏறிடுச்சு, நிறுத்திடலாமா?

தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கு. அப்பச்சிக்கு 54 வயசு, தலைவலி, கண்ணு மங்குதுன்னு போய் பார்த்தப்ப பிரஷர் 220/130, கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கழிவு, ரத்தத்துல ஏறினா கிட்னி மந்தம்னு அர்த்தம்) 2.1. டெல்மிசார்ட்டான்ங்குற பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா 2.5. தெரிஞ்சவர் ஒருத்தர் "மாத்திரைதான் கிட்னியை அரிக்குது, நிறுத்துங்க, நான் லேகியம் வாங்கித் தர்றேன்"ங்குறாராம். நிறுத்தவா, அப்பச்சி எத்தனை நாள் இருப்பாக, இதுதான் கேள்வி.

நிறுத்தாதம்மா.

நம்ம ஊரு கண்மாயை நினைச்சுக்க. மடைல தண்ணி வேகமா பாஞ்சா கரை அரிச்சுக்கிட்டே போகும், வேகத்தைக் குறைச்சா அன்னைக்கு வயலுக்குப் போற தண்ணி கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனா கரை நிக்கும். அந்த மாத்திரை கிட்னிக்குள்ள இருக்குற சல்லடைல அழுத்தத்தைக் குறைக்குது, அதனாலதான் முதல்ல கிரியாட்டினின் லேசா ஏறுது. 30 சதவீதம் வரைக்கும் ஏறினா பொதுவா பொறுத்துக்கலாம். 2.1ல 30 சதவீதம் கூட்டினா 2.7, அப்பச்சி 2.5லதான் இருக்காக.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்றேன். கிரியாட்டினின் 30 சதவீதத்தைத் தாண்டி ஏறினா, இல்ல ரத்தத்துல பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினா, அன்னைக்கே டாக்டர்ட்ட போகணும். ரெண்டு கிட்னிக்கும் ரத்தம் கொண்டு போற குழாய் சுருங்கியிருந்தா இப்படித்தான் ஆகும், பல வருஷம் பீடி சிகரெட் குடிச்சவங்க, திடீர்னு ராத்திரில மூச்சு முட்டி எந்திரிச்சவங்க இதை டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லணும், அவங்களுக்கு கிட்னி குழாய்க்கு ஒரு ஸ்கேன் தேவைப்படும். வாந்தி பேதின்னு உடம்புல தண்ணி வத்துற நாள்லயும் போன் பண்ணிக் கேட்டுட்டு இந்த மாத்திரையை அந்த ரெண்டு மூணு நாளைக்கு நிறுத்தி வைக்கலாம், சாப்பாடு தண்ணி இறங்க ஆரம்பிச்சதும் திரும்ப ஆரம்பிச்சுடணும். அந்த ரெண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

எத்தனை நாள்னு கேட்டே. 1939ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, கண் நரம்பு வீங்குற அளவுக்கு பிரஷர் ஏறினவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினது அஞ்சுல ஒருத்தர்தான், ஏன்னா அப்ப மருந்தே கிடையாது. இன்னைக்கு பெரும்பாலானவங்க பல வருஷம் நல்லாவே இருக்காங்க. வந்த அன்னைக்கு கிட்னி எவ்வளவு மிச்சம் இருந்துச்சு, யூரின்ல புரோட்டீன் எவ்வளவு போகுது, அதுக்கப்புறம் பிரஷர் 130/80 பக்கத்துல நின்னுச்சா, முக்கியமா இதுங்கதான் முடிவு பண்ணுது. டயாலிசிஸ்க்குப் போனவங்கள்ல கூட சிலருக்கு பிரஷர் மாசக்கணக்கா கட்டுப்பாட்டுல நின்னதும் டயாலிசிஸ் தேவைப்படாமப் போயிருக்கு.

இப்ப அந்த லேகியக்காரர் விஷயம். போன மாசம் வேற ஒரு நோயாளி மஞ்சப்பையைக் கவுத்துக் கொட்டினார், லேபிளே இல்லாத பாட்டில் ஒண்ணு, மூட்டுவலிக்கு பில் இல்லாம வாங்கின டைக்ளோபெனாக் நாலு பட்டை, இந்துப்பு பாக்கெட் ஒண்ணு, பிரஷர் மாத்திரை மட்டும் பிரிக்காமலே இருந்துச்சு. லேபிள் இல்லாத மருந்துல பாதரசம் ஈயம் இருந்தா அதுவே கிட்னியைக் கெடுக்கும். டைக்ளோபெனாக் பிரஷரையும் ஏத்தும், கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைக்கும். இந்துப்பும் உப்புதான், கடைல "சோடியம் கம்மி"ன்னு விக்கிற உப்புல பொட்டாசியம் இருக்கு, அப்பச்சிக்கு அது இன்னும் ஆபத்து. உப்புக்கண்டம், மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். பிரஷர் ஏறினா நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கச் சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க, சடக்குனு இறங்கினா பக்கவாதம் வரலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கு, காப்பீட்டு அட்டை வாங்கித் தர்றேன், டயாலிசிஸ்க்கு இடம் பிடிச்சுத் தர்றேன்னு காசு கேக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் இருக்கு, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கிட்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்க்கு நேரா போ, பைசா கிடையாது. கிட்னி வாங்கித் தர்றேன்னு எவனாவது வந்தா வாசப்படி ஏத்தாத, 1994 சட்டப்படி வாங்குறதும் குத்தம் விக்கிறதும் குத்தம்.

எனக்கு ஆத்திரம் வர்றது எங்கேன்னா, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது, ஆனா பிரஷர் நோயாளிக்கு கிரியாட்டினினும் யூரின் புரோட்டீனும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தாங்களான்னு கேளுங்க, பாதிப் பேர் முழிக்கிறாங்க. சட்டைக் கைக்கு மேலயே பட்டையைச் சுத்தி, நின்னபடியே பிரஷர் பார்த்து எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா 220 இருக்குறவரை எப்படிப் பிடிக்கிறது?

நீ ரெண்டு வாரம் கழிச்சு கிரியாட்டினின், பொட்டாசியம், யூரின் புரோட்டீன் மூணையும் ஒரே லேப்ல எடு, கண் டாக்டர்ட்ட விழித்திரையைக் காட்டு. அதுவரை காலையில காபிக்கு முன்னாடி, சாயங்காலம் ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு பிரஷர் பார்த்து காலண்டர்ல குறிச்சு வை, மருந்து குடுத்த டாக்டர்ட்ட அந்தக் காலண்டரையே எடுத்துட்டுப் போய்க் காட்டு. இடையில நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குளறல் எது வந்தாலும் 108.