பிக்கப்பின் மேல் இரண்டு ஸ்னோமொபைல்: சாய்தளம் ஏன் வழுக்கியது?

வணக்கம். உங்கள் 2019 ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் (பின்னால் திறந்த சரக்குப் பெட்டியுள்ள வண்டி) பக்கச் சுவர்கள் மேல் பலகை மேடை அமைத்து இரண்டு ஸ்னோமொபைல்களை (பனிமேல் ஓடும் வாகனங்கள்) ஏற்ற முயன்றபோது, சாய்தளம் பின்னால் வழுக்கியதாக எழுதியிருந்தீர்கள்.

அதற்குப் பனி மட்டும் காரணமன்று. ஸ்னோமொபைலின் அடியில் சுழலும் ஓடுபட்டை பிடிப்புக் கொண்டு வாகனத்தை மேலே தள்ளுகையில், அதே விசை சாய்தளத்தைப் பின்னோக்கி உதைக்கிறது. ஆகவே அதன் மேல்முனையை இருபுறமும் சங்கிலியால் பிக்கப்பின் அடிச்சட்டத்தோடு பிணைக்காமல் தயவுசெய்து மறுபடி ஏற்றாதீர்கள். சரிவும் மிக அதிகம்: மேடை 140 செ.மீ. உயரத்தில் இருந்தால், உங்கள் 2.4 மீட்டர் சாய்தளம் ஏறத்தாழ 36 பாகை சாய்ந்து நிற்கும், 3.6 மீட்டராக நீட்டினால் அது 23 பாகையாகக் குறையும். மடக்கும் கீல் வைத்தால் நீளம் தொல்லையாகாது.

பக்கச் சுவர்கள் மெல்லிய தகடுகள் என்பதால், சுமை கால்கள் வழியாகப் பெட்டியின் தளத்துக்கு இறங்க வேண்டும். இரண்டு வாகனங்களும் மேடையும் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டக்கூடும். ஓட்டுநர் கதவோரத்து ஒட்டுத்தாளிலுள்ள சுமை வரம்பில் ஆட்களின் எடையும் அடங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் பெட்டி அலுமினியம். செம்புக் கலவையால் பதப்படுத்திய மரம் ஈரத்தில் அதை அரிக்கும் என்பதால் இடையே தடித்த ரப்பர் விரியுங்கள்.