ஊதாரி மைந்தனும் தறுதலைச் சொற்களும்: ஆங்கிலச் சொற்பொருள் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மிதமிஞ்சலையும் ஒழுக்கக்கேட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியவை. ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதிக் கேட்டவர்கள், அடுத்த முறை எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்த பிறகு அஞ்சலில் சேர்க்கவும்.

கேள்வி: லைசென்ஷியஸ், லசீவியஸ், டிஸல்யூட் ஆகிய மூன்றுக்கும் என் அகராதி 'ஒழுக்கங்கெட்ட' என்றே பொருள் தருகிறது. எதை வேண்டுமானாலும் எழுதலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கூடாது. லசீவியஸ் என்பது பார்வையிலும் சிரிப்பிலும் பேச்சிலும் படத்திலும் வெளிப்படும் காமத்தைக் குறிக்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாச உள்ளடக்கத்தை இச்சொல்லால்தான் வருணிக்கிறது. லைசென்ஷியஸ் நடத்தையைக் குறிக்கும். லைசென்ஸ் பிறந்த அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதால், உரிமை வரம்பு கடந்து சிற்றின்பத்தில் கட்டற்றுப் போவதை அது சுட்டுகிறது. டிஸல்யூட் என்பதன் மூலப்பொருள் 'அவிழ்ந்துபோன' என்பதாகும். குடி, சூது, பெண்பித்து என்று மொத்த வாழ்க்கையும் கட்டுக்குலைந்து கிடப்பதற்கு அது பொருந்தும். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள் என்று நான் பல முறை எழுதிவிட்டேன். ஒருவனுடைய பார்வை லசீவியஸ் ஆகலாம். அது டிஸல்யூட் ஆக முடியாது.

கேள்வி: இம்மாரல், ஏமாரல்?

பதில்: நெறி தெரிந்தும் அதை மீறுவது முன்னது, நெறி என்ற கணக்கே இல்லாதது பின்னது. வட்டிக்கடைக்காரர் பொய்க்கணக்கு எழுதுவது இம்மாரல். பூனை பாலைத் திருடிக் குடிப்பது ஏமாரல்.

கேள்வி: பத்தாண்டுகள் வெளிநாட்டில் உழைத்து, நல்ல பெயரோடு ஊர் திரும்பிய என் அண்ணனை 'ப்ராடிகல் சன்' என்று குறிப்பிட்டு வீட்டு வாசலில் வரவேற்புப் பலகை வைத்தோம். அதைப் படித்த ஆங்கில ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே போனார். காரணம் என்ன? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உங்கள் அண்ணனை ஊரறிய ஊதாரி என்று அறிவித்ததுதான் காரணம். ப்ராடிகல் என்றால் 'திரும்பி வந்த' என்று பொருள் இல்லை; எக்காலத்திலும் இருந்ததில்லை. பணத்தைத் தண்ணீராய் இறைப்பவன் என்பதே அதன் பொருள். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்து உவமையில் இளைய மகன் சொத்தைத் தொலைத்துவிட்டுத் திரும்புகிறான் என்பதால், தொலைத்ததை மறந்து, திரும்பியதை மட்டும் சொல்லின் தலையில் கட்டிவிட்டோம். இன்று விளையாட்டுப் பக்கங்களில், காயம் ஆறி அணிக்குத் திரும்பும் ஆட்டக்காரர்கள்கூட ப்ராடிகல் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் எந்தச் சொத்தை அழித்தார்கள் என்று நானும் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறேன்.

1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் உவமையின் வசனங்களில் வருவதே இல்லை. அதிகாரத்தின் தலைக்குறிப்பில்தான் இருக்கிறது. தமிழில் ஒரு சாரார் 'ஊதாரி மைந்தன்' என்கிறார்கள், மற்றொரு சாரார் 'கெட்ட குமாரன்' என்கிறார்கள். முதலாவது மிதமிஞ்சிய செலவைச் சொல்கிறது, இரண்டாவது ஒழுக்கக்கேட்டைச் சொல்கிறது. பழைய தமிழ் வேதாகமமோ 'துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி, தன் ஆஸ்தியை அழித்துப்போட்டான்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறது. தம்பி வேசிகளோடு சேர்ந்து சொத்தை அழித்தான் என்ற குற்றச்சாட்டை எழுப்புகிறவன், வயலிலிருந்து வீடு திரும்பி, உள்ளே வர மறுத்து நிற்கும் மூத்த மகன்தான் என்பதையும் கவனியுங்கள். உங்கள் பலகையில் அண்ணன் தம்பி முறையே மாறிப்போயிருக்கிறது.

ப்ராடிகல் என்ற சொல்லில் இருப்பது செலவு மட்டுமே. ஒழுக்கக்கேடு உவமையிலிருந்து அதில் ஒட்டிக்கொண்டது. ஒழுக்கக்கேட்டையும் ஊதாரித்தனத்தையும் உண்மையிலேயே சேர்த்துச் சுமப்பது ப்ராஃப்ளிகேட். 'வீழ்த்தப்பட்ட' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல், முதலில் நெறி கெட்டவனையும் பிறகு கணக்கில்லாமல் செலவழிப்பவனையும் குறித்தது. ஆயினும், பொருளாதாரக் கட்டுரையில் ஓர் அரசை ப்ராஃப்ளிகேட் என்று எழுதினால், அதில் அமைச்சர்களின் அந்தரங்கத்தைத் தேட வேண்டாம்; பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டத்தைத்தான் திட்டுகிறார்கள். இங்கும் பக்கத்துப் பெயர்ச்சொல்லே வழிகாட்டி.

கேள்வி: அடல்ட் என்ற சொல்லிலிருந்துதானே அடல்டரி வந்தது? வயது வந்தோர் செய்வது என்பதால்?

பதில்: இல்லை. அகராதியைத் திறக்காமல் அஞ்சலட்டையை எடுக்கும் வழக்கம் எப்போது நிற்குமோ தெரியவில்லை. அடல்ட் 'வளர்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. அடல்டரி 'கெடுத்தல், கலப்படம் செய்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. பாலில் தண்ணீர் சேர்க்கும் அடல்ட்ரேஷன்தான் அதற்கு உடன்பிறப்பு.

கேள்வி: 'வான்டட்லி' என்பதும் 'வான்டன்லி' என்பதும் ஒன்றா? (சேலம் கல்லூரி மாணவி)

பதில்: முன்னது, 'வேண்டுமென்றே' என்பதற்கு நாம் தைத்துக்கொண்ட சட்டை, தேர்வுத்தாளில் எழுதாதீர்கள். வான்டன் பழைய ஆங்கிலச் சொல். 'வளர்ப்புச் சரியில்லாத' என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் 'தறுதலை' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அடங்காத பிள்ளையைக் குறித்த சொல், பிறகு காமத்தில் அடங்காதவளையும், காரணமே இல்லாமல் செய்யும் கொடுமையையும் அழிவையும் குறிக்கலாயிற்று. கலவரத்தைத் தூண்டும் செயல்பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஆம் பிரிவில் இச்சொல் இருந்தது; 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 192ஆம் பிரிவிலும் இருக்கிறது. அங்கே காமத்துக்கு இடமில்லை.

கேள்வி: எக்ஸெஸிவ், எக்ஸார்பிடன்ட் வேறுபாடு?

பதில்: உப்பு, வேகம், மழை, அன்பு எல்லாம் எக்ஸெஸிவ் ஆகலாம். வண்டித் தடத்தை விட்டு விலகியது என்ற பொருளில் பிறந்த எக்ஸார்பிடன்ட் இன்று பெரும்பாலும் விலை, வாடகை, கட்டணம், வட்டி ஆகியவற்றோடுதான் வரும். சாம்பாரில் உப்பு எக்ஸார்பிடன்ட் ஆகாது.

கேள்வி: தலைமையாசிரியரின் பணி ஓய்வு அழைப்பிதழில் 'ஃபுல்சம்' பாராட்டு என்று அச்சிடலாமா?

பதில்: அவர் மீது உங்களுக்குக் கோபம் இருந்தால் அச்சிடலாம். தொடக்கத்தில் 'நிறைவான' என்று பொருள் தந்த இச்சொல், திகட்டும்படியான முகஸ்துதியைக் குறித்தே நெடுங்காலம் வழங்கியிருக்கிறது. பழைய பொருள் இப்போது மீண்டு வருகிறது என்பது உண்மையே. ஆனால், படிப்பவர் எந்தப் பொருளைக் கொள்வார் என்று உறுதியில்லாத சொல்லை அழைப்பிதழில் ஏன் வைக்க வேண்டும்?

கேள்வி: 'லக்ஷுரியன்ட்' விடுதி என்று விளம்பரம் எழுதித் தந்தேன். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பதில்: சரியாகச் செய்தார். லக்ஷுரியன்ட் என்பது கூந்தலும் கொடியும் செழித்து வளர்வதைக் குறிக்கும். சொகுசுக்கு லக்ஷுரியஸ் என்று எழுத வேண்டும். மிதமிஞ்சலைக் குறித்த 'லக்சூரியா' என்ற லத்தீன் சொல், திருச்சபையின் ஏழு தலையாய பாவங்களின் பட்டியலில் காமத்தின் பெயராக நின்றது. ஷேக்ஸ்பியர் காலத்திலும் ஆங்கிலத்தில் அந்த வாடை போகவில்லை. இன்று அதே சொல்லின் வழிவந்த பெயரில் அடுக்குமாடி வீடுகள் விற்கிறார்கள். உங்கள் விளம்பரப்படி அறை பதிவு செய்பவர், கட்டில்மேல் படர்ந்த அவரைக் கொடியை எதிர்பார்த்து வருவார்.